ஒரு டிக் மார்க்கும் அப்பாவின் சுங்குடிக் கடையும்

"கடையை மூடிட்டீங்கன்னுல்ல நினைச்சேன்!"

2022 சித்திரைத் திருவிழா சமயம். கொரோனாவால் இரண்டு வருடங்கள் பக்தர்கள் இல்லாமல் நடந்த திருவிழா, அந்த வருடம்தான் மறுபடி கூட்டத்தோடு நடந்தது. மதுரை விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் இருக்கும் அப்பாவின் சுங்குடிச் சேலைக் கடை வாசலில் நின்றுகொண்டு ஓர் அம்மா இப்படிச் சொன்னார். கோயம்புத்தூர்க்காரர். இருபது வருடங்களாக எங்கள் கடையில் சேலை எடுப்பவர். விசிட்டிங் கார்டு தொலைந்துவிட்டதாம். "போன்ல எத்தனை தடவை தேடினேன் தெரியுமாண்ணா? கடை பேரைப் போட்டாலும் வரலை. சரி, கொரோனால மூடிட்டாங்க போலன்னு விட்டுட்டேன்."

அப்பா சிரித்தபடியே சேலைகளை எடுத்துப் போட்டார். அவர் போன பிறகு கல்லாவில் உட்கார்ந்து, "மூடிட்டோம்னு நினைச்சிருக்காங்க பாப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஏனென்றால், எங்கள் கடைக்கு ஒரு வெப்சைட் இருந்தது. ஏழு மாதங்களாக இருந்தது. அதை ஆரம்பிக்க வைத்தவளே நான்தான்.

ஊரடங்கில் கடை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது, அப்பாவுக்கு 71 வயது. "போதும், கடையை வாடகைக்கு விட்டுடலாம்" என்று பேச ஆரம்பித்திருந்தார். கடையை மட்டும் நினைத்தால் நானும் சரி என்றிருப்பேன். ஆனால் எங்களுக்காக முடிச்சுப் போட்டுத் தரும் நான்கு பெண்கள் இருக்கிறார்கள். துணியைக் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கி, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் போடுவார்கள். அப்புறம் சாயத்தில் முக்கி, காயவைத்து, முடிச்சை அவிழ்த்தால் கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதுதான் சுங்குடி. அவர்களில் மூத்தவரை நாங்கள் 'முடிச்சுப் பாட்டி' என்போம். கடை மூடினால் அந்தக் கைகளுக்கு வேலை இல்லை.

அதனால்தான் வெப்சைட். சீட்டு எடுத்த பணத்தில் 18,000 ரூபாய் கொடுத்து, ஒரு நிறுவனத்திடம் செய்து வாங்கினோம். பார்க்க அழகாக இருந்தது. ஆர்டர்தான் வரவில்லை. கேட்டதற்கு, "சைட் மட்டும் இருந்தா பத்தாது மேடம், எஸ்.இ.ஓ பண்ணணும். 30 நாள்ல கூகுள் முதல் பக்கத்துல கொண்டு வந்துடுவோம்" என்றார்கள். மாதம் 6,000. மூன்று மாதங்கள் கட்டினேன். மாதக் கடைசியில் ஒரு ரிப்போர்ட் வரும். '200 லிங்க் உருவாக்கப்பட்டது' என்று இருக்கும். எனக்கு ஒன்றும் புரியாது. புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "ஓகே சார், தேங்க்ஸ்" என்று பதில் போடுவேன்.

பூட்டிய கதவு

அன்றைக்கு ராத்திரி காலேஜில் படிக்கும் என் பையனிடம் புலம்பினேன். அவன் போனை எடுத்து, கூகுளில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் எங்கள் வெப்சைட் முகவரியைச் சேர்த்துத் தேடினான். இப்படித் தேடினால், அந்த சைட்டில் கூகுளுக்குத் தெரிந்த பக்கங்கள் வருமாம்.

ஒன்றுகூட வரவில்லை.

"அம்மா, உன் சைட் கூகுள்ல இல்லவே இல்லம்மா."

ஏழு மாதம், 36,000 ரூபாய்!

கூகுள் எப்படி வேலை செய்கிறது என்பதை அன்றைக்குத்தான் உட்கார்ந்து கேட்டேன். வீட்டுக்கு வீடு கணக்கெடுக்க ஆள் வருவார்கள் இல்லையா? அப்படி கூகுளின் ஒரு மென்பொருள் இணையத்தில் லிங்க் பிடித்து லிங்க்காகப் போய் ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கிறது. இது முதல் வேலை. படித்ததில் தகுதியானதைத் தன் பெரிய பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. இது இரண்டாவது. நாம் ஏதாவது தேடும்போது, அந்தப் பதிவேட்டைப் புரட்டி, எது நமக்கு அதிகம் பயன்படும் என்று பார்த்து வரிசைப்படுத்திக் காட்டுகிறது. இது மூன்றாவது. எஸ்.இ.ஓ என்று ஊரெல்லாம் பேசுவது, இந்த மூன்று வேலையும் நம் சைட்டுக்கு ஒழுங்காக நடக்கிற மாதிரி பார்த்துக்கொள்வதுதான்.

எங்களுக்கு இரண்டாவது படியிலேயே கதவு பூட்டியிருந்தது. பாஸ்வேர்டு எழுதிய காகிதம் அப்பாவின் கல்லாவில் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தோம். வேர்ட்பிரஸில் செய்த சைட் அது. செட்டிங்ஸில், 'ரீடிங்' என்ற பகுதியில், கடைசியில் ஒரு சின்னக் கட்டம். 'தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம்' என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அதில் டிக் போட்டிருந்தது.

சைட்டைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, அரைகுறையாக வெளியே தெரிய வேண்டாம் என்று இந்த டிக்கைப் போட்டு வைப்பார்களாம். வேலை முடிந்ததும் எடுக்க வேண்டும். எங்கள் ஆட்கள் மறந்துவிட்டார்கள். வாசலில் 'வீட்டில் ஆள் இல்லை' என்று போர்டு மாட்டிவிட்டு, அதே வீட்டுக்கு விருந்தாளியை அழைத்து வர மாதம் 6,000 வாங்கியிருக்கிறார்கள்.

போனில் கேட்டேன். "ஒரு டிக்தானே மேடம், எடுத்துட்டா சரியாயிடும்" என்றார் அந்தத் தம்பி. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அப்புறம் என் போனை எடுக்கவில்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்துவிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "போனது போகட்டும். இனி நீயே கத்துக்க பாப்பா. துணிக் கடைக்காரன் மகளுக்கு எது நல்ல சரக்கு, எது மட்டம்னு தெரியாமயா போயிரும்?" என்றார்.

நானே கற்றுக்கொண்டது

டிக்கை எடுத்தோம். அடுத்து, கூகுள் இலவசமாகத் தரும் 'சர்ச் கன்சோல்' என்கிற பக்கத்தில் எங்கள் சைட்டைப் பதிவு செய்தோம். நம் சைட்டைப் பற்றி கூகுளுக்கு என்ன தெரியும், எந்தப் பக்கத்தைச் சேர்த்திருக்கிறது, எதைச் சேர்க்கவில்லை, ஏன் சேர்க்கவில்லை என்பதையெல்லாம் அது சொல்லிவிடும். எல்லாப் பக்கங்களின் பட்டியலான 'சைட்மேப்'பையும் அதில் கொடுத்தோம். இதையெல்லாம் செய்ய ஒரு ரூபாய்கூட ஆகவில்லை.

சில நாட்களில் பக்கங்கள் ஒவ்வொன்றாகப் பதிவாக ஆரம்பித்தன. கடை பெயரைப் போட்டுத் தேடினேன். வந்தது! அப்பாவிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டே வைத்துப் பார்த்தார். "எல்லாத்துலயும் 'ஹோம்', 'ஹோம்'னு போட்டிருக்கே, அது யாரு?" என்றார்.

நியாயமான கேள்வி. கூகுளில் நீல நிறத்தில் பெரிதாகத் தெரியும் வரி பெரும்பாலும் அந்தப் பக்கத்தின் தலைப்பிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. எங்கள் சைட்டில் எல்லாப் பக்கத்துக்கும் 'ஹோம்' என்றே தலைப்பு வைத்திருந்தார்கள். கடையில் எல்லா அலமாரியிலும் 'துணி' என்று மட்டும் எழுதி ஒட்டியது மாதிரி. ஒவ்வொரு பக்கத்துக்கும் அதில் என்ன இருக்கிறது என்று தனித்தனியாகத் தலைப்பு எழுதினேன். கீழே இரண்டு வரி விளக்கமும் எழுதினேன். அந்த விளக்கத்தால் வரிசையில் மேலே போக மாட்டோம். ஆனால் படிக்கிறவருக்கு 'இதைத் திறக்கலாம்' என்று தோன்ற வைக்கும்.

இன்னொரு கூத்தும் கண்ணில் பட்டது. பக்கத்தின் அடியில் காலியாக இருந்த இடத்தில் எதேச்சையாக மவுஸை இழுத்தால், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் 'சுங்குடி சேலை மலிவு விலை, சுங்குடி சேலை மதுரை, பெஸ்ட் சுங்குடி சேலை' என்று ஐம்பது தடவை எழுதி வைத்திருந்தார்கள். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப எழுதினால் மேலே வந்துவிடலாம் என்பது பழைய தந்திரம். ஒளித்து வைத்த எழுத்து, வார்த்தைகளைத் திணிப்பது, காசு கொடுத்து லிங்க் வாங்குவது... எல்லாமே கூகுளின் விதிப்படி தப்பு. கண்டுபிடித்தால் நம்மைக் கீழே தள்ளிவிடும். பக்கத்துக்குள் மறைவாக 'கீவேர்ட்ஸ்' பட்டியல் கொடுக்கும் வழக்கம் தப்பில்லை, ஆனால் கூகுளில் அதனால் பயனும் இல்லை. தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. எங்கள் ரிப்போர்ட்டில் அது ஒரு சாதனையாக இருந்தது! எல்லாவற்றையும் அழித்தேன்.

அந்த '200 லிங்க்' என்ன என்றும் அப்போதுதான் புரிந்தது. லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போது யோசித்த விஷயம் அது. ஒரு பக்கத்துக்கு மற்ற பக்கங்கள் லிங்க் கொடுத்தால், அதை ஒரு சிபாரிசாக எடுத்துக்கொள்ளலாம். சிபாரிசு செய்பவரின் மதிப்பைப் பொறுத்து அதன் எடையும் மாறும். 1998-ல் தொடங்கிய கூகுளுக்கு இதுதான் அஸ்திவாரம். நம் ஊரில் சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிப்போம் இல்லையா? தெருமுனையில் நிற்கும் முகம் தெரியாத 200 பேர் 'தங்கமான பையன்' என்பதைவிட, நமக்குத் தெரிந்த ஒரு வாத்தியார் 'நல்ல பையன்' என்றால் நம்புவோம். எங்களுக்கு வாங்கிக் கொடுத்தது எல்லாம் தெருமுனை சிபாரிசு.

போட்டோக்களும் பிரச்னை. ஒவ்வொன்றும் 5, 6 எம்.பி. இருந்தது. செல்போனில் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குள் ஆள் வேறு கடைக்குப் போய்விடுவார். கூகுளும் இப்போது சைட்டின் செல்போன் வடிவத்தைத்தான் முதலில் பார்க்கிறது. எல்லாப் படங்களையும் 200 கே.பி.க்குள் சுருக்கினேன். படத்தில் இருப்பதைக் கூகுள் நம்மைப் போலப் பார்ப்பதில்லை என்பதால், ஒவ்வொரு படத்துக்கும் 'அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி, கை முடிச்சு சுங்குடி' என்று ஒரு வரிக் குறிப்பு சேர்த்தேன். பார்வையற்றவர்களுக்குப் போன் வாசித்துக் காட்டுவதும் அதே குறிப்பைத்தான் என்று தெரிந்தபோது, இன்னும் கவனமாக எழுதினேன்.

கடைசியாக, கூகுள் மேப். கடையை அதில் பதிவு செய்வது இலவசம். முகவரி, போன் நம்பர், திறக்கும் நேரம், கடை வாசல் போட்டோ எல்லாம் சேர்த்தோம். நம்மைப் போலச் சின்னக் கடை வைத்திருப்பவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள். பக்கத்தில் நின்றுகொண்டு தேடுபவர்தான் முதலில் உள்ளே வருவார்.

ஜனங்கள் கேட்கும் கேள்வி

சர்ச் கன்சோலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மக்கள் என்ன வார்த்தை போட்டுத் தேடும்போது நம் சைட் கண்ணில் பட்டது என்று காட்டும். முதல் மாதம் அதைப் பார்த்து அசந்துபோனேன்.

நாங்கள் சைட் முழுக்க 'பாரம்பரிய கைவண்ணம்', 'நேர்த்தியான கலெக்‌ஷன்' என்று எழுதியிருந்தோம். அப்படி யாருமே தேடவில்லை! 'சுங்குடி' என்று நாங்கள் எழுதுகிறோம். பாதிப் பேர் 'சுங்கடி' என்று தேடுகிறார்கள். தமிழைவிட ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்கள் அதிகம். அதிலும் பல ஸ்பெல்லிங். முக்கியமாக, பலர் தேடியது சேலையை இல்லை, பதிலை. 'சுங்குடி சேலை சாயம் போகுமா?', 'முதல் முறை எப்படித் துவைக்கணும்?', 'ஒரிஜினல் சுங்குடியை எப்படிக் கண்டுபிடிப்பது?'

இதெல்லாம் ஐம்பது வருடங்களாக அப்பா கடைக்கு வருபவர்களிடம் வாய் வலிக்கச் சொல்லும் பதில்கள்தானே! அப்பாவை உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்லப் போனில் பதிவு செய்தேன். "முதல் தடவை தண்ணில கல்லுப்பு போட்டு ஊற வைக்கச் சொல்லு. தனியாத் துவைக்கணும். நிழல்ல காயப் போடணும். கொஞ்சம் சாயம் போகும்தான். போகாதுன்னு எழுதிராத" என்றார்.

ஒரிஜினலைக் கண்டுபிடிப்பது பற்றிக் கேட்டேன். ஒரு சேலையை எடுத்து விரித்தார். "கையில முடிச்சுப் போட்டதுன்னா புள்ளி எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ஒண்ணு பெருசா, ஒண்ணு சிறுசா இருக்கும். முடிச்சு இருந்த இடம் லேசாச் சுருங்கி நிக்கும், தடவினா தெரியும். திருப்பிப் பாரு, பின்பக்கமும் சாயம் ஏறியிருக்கும். பிரின்ட்னா புள்ளி அச்சடிச்ச மாதிரி வரிசையா இருக்கும்" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கும் அப்பாவுக்கும் ஒரு சின்ன வாக்குவாதம். கடையில் பிரின்ட் சேலைகளும் விற்கிறோம். விலை குறைவு, அதிகம் போவதும் அதுதான். 'கை முடிச்சு சுங்குடி' என்று தேடுபவர்கள் நிறைய என்பதால், பிரின்ட் சேலைப் பக்கத்துக்கும் அந்த வார்த்தையைச் சேர்த்துவிடலாமே என்று எனக்கு ஆசை. ஒரு வார்த்தைதானே?

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "கடைக்குள்ள வந்தவங்ககிட்ட சொல்லாத பொய்யை போன்ல மட்டும் ஏன் சொல்லணும்? பிரின்ட்டை பிரின்ட்னே போடு. வேணுங்கறவங்க வாங்குவாங்க" என்றார்.

அப்படியே போட்டேன். 'சுங்குடி: கை முடிச்சா, பிரின்ட்டா? கண்டுபிடிப்பது எப்படி?' என்று ஒரு பக்கம் எழுதினேன். இரண்டு சேலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்னும் பின்னும் போட்டோ எடுத்துப் போட்டேன். மதுரை சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்த விஷயத்தையும் சேர்த்தேன். முடிச்சுப் பாட்டியின் விரல்களை மட்டும் ஒரு போட்டோ எடுத்தேன். முகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், இன்றுவரை எங்கள் சைட்டுக்கு அதிகம் பேர் வருவது அந்தப் பக்கத்தின் வழியாகத்தான். ஜவுளி படிக்கும் ஒரு கல்லூரி மாணவி, தன் புராஜெக்ட் பக்கத்தில் அதற்கு லிங்க் கொடுத்திருந்தார். நாங்கள் கேட்கவே இல்லை. வாத்தியார் சிபாரிசு மாதிரி, அந்த 200-ஐவிட இந்த ஒன்று எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

முதல் இடம் யாருக்கு?

'கூகுளில் முதல் இடம் உறுதி' என்று இப்போதும் வாரத்துக்கு ஒரு மெயில் எனக்கு வருகிறது. அப்படி யாராலும் உறுதி கொடுக்க முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு வரிசையில் மேலே ஏற்றும் பழக்கமும் அதற்குக் கிடையாது. காசு கொடுத்தால் விளம்பரம் வரும். அது விளம்பரம் என்ற அடையாளத்தோடு தனியாக வரும். இந்த வேலையை நேர்மையாகச் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் 'என்ன செய்யப் போறீங்க, ஏன் செய்யறீங்க' என்று கேளுங்கள். புரியும்படி சொல்லாதவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். புரியவில்லை என்று சொல்ல நான் வெட்கப்பட்டதற்குத்தான் 18,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன்.

இது ஒரே நாளில் நடக்கும் வேலையும் இல்லை. எங்களுக்கு உருப்படியாக ஆர்டர் வரத் தொடங்க ஐந்து மாதங்கள் ஆயின. இப்போது தேடினால் மேலேயே ஏ.ஐ. தொகுத்த பதில் வந்துவிடுகிறது. சிலர் சைட்டுக்குள் வராமலே போய்விடுகிறார்கள். நாளைக்கு இன்னும் என்னென்ன மாறுமோ! பெரிய பெரிய ஆன்லைன் கடைகளைத் தாண்டி 'சுங்குடி சேலை' என்ற வார்த்தைக்கு நாங்கள் முதலில் வந்ததே இல்லை. வருவோமா என்றும் தெரியாது. மாதம் இருபது, இருபத்தைந்து சேலைகள் வெளியூருக்குப் போகின்றன. அதில் ஏழெட்டு கை முடிச்சு. பெரிய பணம் இல்லைதான். ஆனால் கடையை வாடகைக்கு விடும் பேச்சு நின்றுவிட்டது. நான்கு பெண்களுக்கும் வேலை இருக்கிறது.

போன மாதம் முடிச்சுப் பாட்டி கடைக்கு வந்தபோது, அவருடைய விரல்கள் இருக்கும் அந்தப் பக்கத்தைப் போனில் காட்டினேன். "எந்தெந்த ஊர்லயோ இருந்து உங்க கையைப் பார்க்கறாங்க பாட்டி" என்றேன்.

பாட்டி உற்றுப் பார்த்தார். "அடிப்பாவி, நகத்தை வெட்டிட்டு வந்திருப்பேனே, சொல்லக் கூடாதா?" என்றார்.

அப்பா கல்லாவிலிருந்து சிரித்தார். "நகத்தை வெட்டிட்டா முடிச்சு யாரு போடறது?"